பாய்மரத் தெருவின் நாற்பத்தொரு கவர்கள்

17, பாய்மரத் தெரு,
ராயபுரம்.
9 ஜூலை 2025

செல்வி ரேகா மாரியப்பன் அவர்களுக்கு,

உங்கள் அதிகாரி டாக்டர் மகிமாவுக்கு உங்களைப் பற்றி இன்று காலை ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிக் குறை எழுதக்கூடாது என்று தூத்துக்குடி கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கினார்கள். ஆகவே அதில் உள்ளதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். கழுத்தில் சுகாதார அலுவலகத்தின் அட்டை, கையில் கைபேசி. எதிரே இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், குழந்தையோடு பதினெட்டாம் எண் வீட்டு ஷாஸியா. இத்தனை பேர் நடுவில், "பாட்டி, ரெண்டு வாரத்துல வூட்ல யாருக்காச்சும் வயித்தால போச்சா? ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?" என்று கேட்டீர்கள்.

என் கணவர் ஜெபசிங் இதே வாசலில் முப்பத்தாறு ஆண்டுகள் கருப்பட்டியும் வற்றலும் மொத்த வியாபாரம் செய்தவர். உடன்குடியிலிருந்து லாரி வந்து நின்ற வாசல் அது. அங்கே நின்று யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"இந்த வீட்டில் அப்படி எதுவும் கிடையாது" என்றேன். குறித்துக்கொண்டு போய்விட்டீர்கள். நன்றிகூடச் சொல்லவில்லை.

படிக்கிற பெண் என்று கேள்விப்பட்டேன். படிப்பில் இதுவும் சேர்த்திதானா?

இப்படிக்கு,
திருமதி ஞானசெல்வி ஜெபசிங்


காசிமேடு
12 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கென்று ஒருவர் கைப்பட எழுதிய முதல் கடிதம் உங்களுடையது. அதனால் கோபம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் சந்தோஷம் வந்துவிட்டது. அப்புறம் கோபமும் வந்தது.

"பாட்டி" என்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நன்றி சொல்லாததற்கும். கேள்விக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

உங்கள் தெருவிலும் பின் சந்திலும் ஒரே மாதத்தில் ஒன்பது குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஷாஸியா அக்காவின் கையில் நீங்கள் பார்த்த சுஃபியான் அன்று மாலையே சேர்க்கப்பட்டான். நான்கு வயது. மூன்று நாள் கையில் ஊசியோடு கிடந்தான். தண்ணீர் எங்கே கெடுகிறது என்று தெரிய வேண்டுமானால் எந்தெந்த வீட்டில் நோய் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

உங்கள் புகாரால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடியும்வரை நான் பாய்மரத் தெருவில் கால் வைக்கக்கூடாது. எங்கள் கல்லூரியும் சுகாதார அலுவலகமும் இந்த ஆண்டுதான் ஒப்பந்தம் போட்டன. பொதுச் சுகாதாரம் படிக்கிற ஆறு பேர் இங்கே வந்து வேலை கற்றுக்கொள்கிறோம். நாங்கள்தான் முதல் அணி. ஆகஸ்ட் 28 அன்று ஆய்வுக் கூட்டம். ஒப்பந்தம் தொடருமா என்று அங்கே முடிவாகும். "கோப்பில் ஒரு புகார் இருந்தால் போதும், மேலே இருப்பவர்கள் மூடிவிடுவார்கள்" என்று டாக்டர் மகிமா வருத்தத்தோடு சொன்னார். எனக்குச் சான்றிதழ் போகும். அடுத்து வரவேண்டிய ஆறு பேருக்கு இடமே போகும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் என் அம்மா மங்கம்மா. உங்களுக்குச் சங்கரா மீன் விற்கிறவர்.

ரேகா


17, பாய்மரத் தெரு
15 ஜூலை 2025

செல்வி ரேகாவுக்கு,

உங்கள் கடிதம் மீன் கூடையில் வாழையிலைக்கு அடியிலிருந்து வந்தது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத்தான் படித்தேன்.

பதினோரு வருடமாக என் வாசலுக்கு வருகிற மங்கம்மாவுக்கு முதுகலை படிக்கிற மகள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அதற்கு என்னைத்தான் குறை சொல்ல வேண்டும். அவளோ, கூடையை இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா குடோன்மா, எம் பொண்ணு மேல பிராது குத்துட்டு எங்கையிலேயே மீன் வாங்குறியா?"

"புகார் வேறு, மீன் வேறு, மங்கம்மா."

"அத்த நீ சொல்லாத. எம் பொண்ணு இன்னா தப்பா கேட்டுச்சு? வயித்தால போறது ராஜா வூட்லயும் கீது, எங்க வூட்லயும் கீது."

வீட்டின் பின்புறம் என் கணவர் சரக்கு வைத்த இடத்தைக் கிட்டங்கி என்று நூறு தடவை சொல்லியும் அவளுக்கு அது குடோன்தான்.

இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் நிறுத்திக் கேட்டால் உங்களுக்குப் பொய்தான் கிடைக்கும். இந்தத் தெருவில் பாதிப் பேர் எங்களைப்போல் தெற்கேயிருந்து வந்து கடை வைத்தவர்கள். பலகாரம் செய்கிறவர்கள், மளிகை விற்கிறவர்கள். வீட்டில் வயிற்றுக்கோளாறு என்று வெளியே தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? பெண் பார்க்க வரவிருக்கிற வீடும் உண்டு. அவர்கள் கேன்காரர் எதிரில் உண்மை பேசுவார்கள் என்று உங்கள் கல்லூரியில் எந்தப் பேராசிரியர் சொன்னார்?

எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது காணிக்கை எடுப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கவர். உள்ளே என்ன வைத்தோம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மூடிக் கொடுப்போம். திறக்கிறவர் வெளியே பேசமாட்டார். உங்கள் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஞானசெல்வி ஜெபசிங்


காசிமேடு
19 ஜூலை 2025

அம்மா,

உங்கள் கடிதத்தை டாக்டர் மகிமாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "புகார் கொடுத்தவரே ஆலோசனையும் கொடுக்கிறாரே" என்று சிரித்தார். பிறகு எழுத்தில் அனுமதி கொடுத்தார். நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு கவர். சீட்டில் வீட்டு எண் மட்டும், பெயர் கிடையாது. திறப்பது நானும் அவரும்தான்.

நான் தெருவுக்குள் வர முடியாது. அதனால் அம்மா மீனோடு கொண்டுபோய்க் கொடுப்பார். ஷாஸியா அக்கா திரும்ப வாங்கிவைப்பார். குழந்தைக்கு வந்ததிலிருந்து அவர் சும்மா உட்காரவில்லை.

ஒரு உதவி. சீட்டில் கேள்வியை எப்படி எழுதினால் உங்கள் தெருக்காரர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் இப்படி இல்லை. ஒரு வீட்டில் வயிறு சரியில்லை என்றால் கடற்கரை வரைக்கும் சேதி போய்விடும். போகிற வழியில் எண்ணிக்கையும் கூடும். நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களா?

ரேகா


17, பாய்மரத் தெரு
26 ஜூலை 2025

ரேகாவுக்கு,

கேள்வியை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, கவரில் போட்டு அனுப்பியாயிற்று. கவர்கள் எங்கள் கோயிலில் போன வருடம் மிஞ்சியவை. எல்லாவற்றிலும் "நன்றிக் காணிக்கை" என்று அச்சடித்திருந்தது. வயிற்றுப்போக்குக்கு நன்றி சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று, வேலைக்கு வருகிற வினிதாவும் நானும் உட்கார்ந்து நாற்பத்தொன்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினோம்.

உன் அம்மா விநியோகம் செய்த அழகை மாடியிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும், "தா, கவரு. உள்ளாற சீட்டு கீது. நெஜத்த எழுதி ஒட்டிக் குடு. பொய் எழுதினா நாளைக்கு அழுகின மீனுதான் போடுவேன்" என்றாள். உங்கள் அலுவலகத்தின் அனுமதியில் இந்த வாசகம் இருந்திருக்காது.

ஆனால் ஒருவர்கூட மறுக்கவில்லை. பலகாரக் கடை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்கள். நாற்பத்தொன்றும் ஷாஸியா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. நாளை உன்னிடம் வரும்.

ஞானசெல்வி ஜெபசிங்


காசிமேடு
2 ஆகஸ்ட் 2025

அம்மா,

நான் தெருவில் நின்று கேட்டபோது "ஆமாம்" என்றவை ஐந்து வீடுகள். கவரில் "ஆமாம்" என்றவை இருபத்தாறு.

இருபத்தாறு! டாக்டர் மகிமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எண்களைத் தெரு வரைபடத்தில் சிவப்பாகப் புள்ளி வைத்தோம். தெருவின் இரண்டு முனைகளிலும் அங்கங்கே ஒன்று. நடுவில் பதினாலிலிருந்து இருபத்தொன்று வரை நெருக்கமாக இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரினும் அங்கேதான் காணாமல் போகிறது, சாக்கடை கலந்தால் அப்படித்தான் ஆகும். குடிநீர்க்காரர்கள் தெருவில் புதைத்த பெரிய குழாயை இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். அதில் ஓட்டை இல்லை. அப்படியானால் யாரோ ஒருவரின் வளாகத்துக்குள் போகிற கிளைக் குழாயில்தான் கோளாறு. எந்த வளாகம் என்று தெரியாமல் எட்டு வீட்டுத் தரையை உடைக்க முடியாது.

சிவப்புக் கூட்டத்தின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை இடம் இருக்கிறது. பதினேழு.

பதினேழின் கவரில் "ஆமாம்" இல்லை. "இல்லை"யும் இல்லை. சீட்டு வெறுமையாக இருந்தது. பொய் எழுத விரும்பாத ஒருவர்தான் அப்படி மூடிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். தெருவில் கேட்டால் பொய்தான் கிடைக்கும் என்று ஜூலையில் எழுதினீர்களே அம்மா, அது எப்படி உங்களுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சுஃபியான் நேற்று மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான்.

ரேகா


17, பாய்மரத் தெரு
3 ஆகஸ்ட் 2025

செல்வி ரேகா மாரியப்பன் அவர்களுக்கு,

எல்லை மீறுகிறீர்கள். சீட்டில் எழுதுவதும் எழுதாததும் என் விருப்பம். இனி இந்தக் கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

திருமதி ஞானசெல்வி ஜெபசிங்


17, பாய்மரத் தெரு
6 ஆகஸ்ட் 2025

ரேகாவுக்கு,

மூன்று நாளாக என் மேசையில் ஒரு வெற்றுச் சீட்டு கிடந்தது. மிஞ்சிய ஜெராக்ஸ். இன்று அதை நிரப்பி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை, நான். அதற்கு இரண்டு நாள் முன்னால் வினிதா. "முட்டு வலி, லீவு எடுத்துக்கொள்" என்று அவளை அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் முட்டு வலி என்றே சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். என் மகன் அபின் பெங்களூரிலிருந்து பேசியபோது எனக்கும் முட்டு வலிதான். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுகிறேன். மோரில் ஊற்றுகிற தண்ணீரைக் காய்ச்ச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ கேட்டுக்கு வெளியே நின்றபோது நான் எழுந்து நடமாட ஆரம்பித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. உன் கேள்வி தவறு என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. சரியான வீட்டுக்கு வந்து சரியான கேள்வியைக் கேட்டாய் என்பதால் வந்தது.

நேற்று ஷாஸியா ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தாள். "உங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு கேட்டப்ப நிம்மதியா இருந்துச்சு ஆன்ட்டி. அதான் மோட்டார் ஓடாதப்ப உங்க வீட்டுக் குழாய்லேருந்தே ரெண்டு குடம் புடிச்சு அவனுக்குக் குடுத்தேன்" என்றாள். நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று. கிளைக் குழாய் என்று எழுதியிருந்தாய். பின்புறம் கிட்டங்கி முற்றத்தைக் கழுவுவதற்காக என் கணவர் தனியாக ஒரு குழாய் இழுத்தார். வியாபாரம் நின்றபோது குழாயின் வாயைக் கட்டையால் அடைத்துச் சிமென்ட் பூசினார். அது சாக்கடைக்கு மேலே போகிறது. இந்த ஒரு மாதத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். வந்தது. இந்த வீட்டில் நோய் இல்லை என்று சொன்ன பிறகு எப்படிச் சொல்வது?

டாக்டர் மகிமாவுக்கும் இதையே எழுதிவிட்டேன். ஆட்களை அனுப்பச் சொல். கேட் திறந்திருக்கும்.

ஞானசெல்வி


17, பாய்மரத் தெரு
12 ஆகஸ்ட் 2025

ரேகாவுக்கு,

உன்னைத் தெருவுக்குள் விடமாட்டோம் என்கிறார்கள். விசாரணை இன்னும் முடியவில்லையாம்! அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். அறிக்கைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

காலை எட்டு மணிக்கு நான்கு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். முற்றம் முழுவதும் சிமென்ட். எங்கே உடைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். குழாய் புதைத்த அன்று ஈரச் சிமென்டில் என் கணவர் விரலால் 1989 என்று எழுதினார். பாசியைத் துடைப்பத்தால் நானே தேய்த்து எண்ணை வெளியே கொண்டுவந்தேன். "இங்கே உடையுங்கள்" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "ஐயா எழுதினதாம்மா? சுத்திலும் உடைச்சிக்கிறோம், எழுத்த உட்டுடலாம்."

அதற்குள் உன் அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே உள்ளே வந்துவிட்டாள். "எழுத்து இன்னா சோறா போடுது? கொயந்த கெடக்குதுய்யா ஆஸ்பத்திரில. குடோன்மாவே சொல்லுது, உடை!"

உடைத்தார்கள். கடைசி 9 தான் முதலில் போயிற்று. இரண்டு அடிக்குக் கீழே குழாய் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட நாறியது என்று சொல்ல வேண்டும். சாக்கடைச் சுவர் இடிந்து அந்தத் தண்ணீரிலேயே குழாய் மூழ்கிக் கிடந்தது. துரு தின்று என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தெருவில் எல்லாரும் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது இந்த ஓட்டை சாக்கடையை உறிஞ்சித் தெருவுக்கே கொடுத்துக்கொண்டிருந்தது.

பலகாரக் கடைக்காரர், கேன்காரர், இஸ்திரிக்காரர் எல்லாரும் கேட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கேன்காரரும் இஸ்திரிக்காரரும் அன்று உன் கேள்வி காதில் விழும்படி நின்றவர்கள்தான். அவர்கள் எதிரிலேயே சொன்னேன்: "இது எங்கள் வீட்டுக் குழாய். ஜூன் மாதம் எனக்கும் வயிற்றுப்போக்கு இருந்தது. இல்லை என்று சொன்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பலகாரக் கடைக்காரர் மட்டும், "எங்க வீட்ல ஆறு பேருக்கும்மா" என்றார். அதற்குப் பிறகு தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. காசிமேடு தோற்றுப்போகும்.

குழாயைப் பெரிய குழாயோடு சேருகிற இடத்திலேயே அறுத்து நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அறுத்த துண்டை நான் கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஞானசெல்வி


காசிமேடு
29 ஆகஸ்ட் 2025

அம்மா,

ஆய்வுக் கூட்டத்துக்குள் மாணவர்களை விடவில்லை. ஆறு பேரும் வராந்தாவில் நின்றோம். பதினைந்து நாளாக உங்கள் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, பதினாலு முதல் இருபத்தொன்று வரை எல்லாக் குழாயிலும் குளோரின் வந்துவிட்டது என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனாலும் கோப்பில் உங்கள் புகார் இருக்கிறதே என்று பயம்.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். வெள்ளைச் சேலை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பின்னால் எங்கள் அம்மா! வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டீர்கள்.

உள்ளே நடந்ததை டாக்டர் மகிமா சொன்னார். புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று தலைமை அதிகாரி கேட்டாராம். "இல்லை. அதைக் கிழிக்க வேண்டாம். தெருவில் நிறுத்திக் கேட்டது தவறு என்று நான் எழுதியது உண்மை. அதற்குக் கீழே, இந்த வீட்டில் நோய் இல்லை என்று நான் சொன்னது பொய் என்பதையும் சேருங்கள். அதற்குக் கீழே இதையும் வையுங்கள்" என்று துருப்பிடித்த குழாயை மேசையில் வைத்தீர்களாம். "இரண்டு இடத்தில் தோண்டியும் கிடைக்காததை ஒரு மாணவியும் நாற்பத்தொரு கவரும் கண்டுபிடித்தன. இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று நினைக்கிறவர் இந்தக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்" என்றீர்களாம். எங்கள் அம்மா குறுக்கே புகுந்து, "பாட்டில்ல புட்ச்சிக்கினு வந்துகீறேன் சார், ஊத்தட்டா?" என்றாராம். பாட்டில் நிஜம்தானா என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறார்.

மூன்று ஆண்டுக்குக் கையெழுத்தாகிவிட்டது அம்மா. ஆறு பேர் பன்னிரண்டு பேராகிறார்கள். இனி வயிறு பற்றிய எல்லாக் கணக்கெடுப்பும் மூடிய கவரில்தான் என்று உத்தரவு வந்திருக்கிறது. கேள்வியின் வாசகம் நீங்கள் எழுதியதுதான், ஒரு சொல் மாற்றவில்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அலுவலகத்தில் ஓராண்டு வேலையும். புது அணிக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டுமாம்.

வராந்தாவில் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் எல்லாம் அழுதுவிட்டன.

செப்டம்பர் 8 அன்று புது அணியோடு உங்கள் தெருவிலிருந்துதான் தொடங்குகிறோம். தடை நீங்கிவிட்டது. வரலாமா?

ரேகா


17, பாய்மரத் தெரு
1 செப்டம்பர் 2025

அன்புள்ள ரேகாவுக்கு,

வரலாமா என்று கேட்பதற்கு ஒரு கடிதமா? கேட்டுக்கு வெளியே நின்றால்தான் புகார் எழுதுவேன். பன்னிரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வா. முற்றத்தில் புதுச் சிமென்ட் காய்ந்துவிட்டது. சுஃபியான் ஈரத்தில் ஓடி அவன் காலடி பதிந்திருக்கிறது. மேஸ்திரி பூசி மறைக்கப் போனார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மோர் தருவேன். தண்ணீரைக் காய்ச்சித்தான். பாட்டில் வெறும் பாட்டில்தான் என்று உன் அம்மா என்னிடம் ஒப்புக்கொண்டாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நீ வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. புதிய கணக்கெடுப்பின் முதல் சீட்டு இந்தக் கவரில் இருக்கிறது. இந்த முறை வெள்ளைத்தாள் ஒட்டவில்லை. "நன்றிக் காணிக்கை" என்று அச்சடித்திருப்பது அப்படியே தெரியட்டும்.

வீட்டு எண்: 17
கடந்த இரண்டு வாரங்களில் வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு இருந்ததா?
இல்லை.

ஞானசெல்வி